வாட்ச்சுக்குத் தெரியுமா மதினியோட தூக்கம்?

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு பதிவு போட்டிருந்தார். பேரு வேண்டாம், நல்ல மனுசன், பல வருசப் பழக்கம். கையில கட்டியிருக்கிற வாட்ச் அவருக்கு நேத்து ராத்திரி தூக்கத்துக்கு 87 மார்க் குடுத்துச்சாம். ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிசம், லேசான தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவுன்னு கலர் கலரா படம் வேற. அதோட நிறுத்தியிருந்தா நானும் ஒரு :-) போட்டுட்டு என் ஜோலியைப் பார்க்கப் போயிருப்பேன். கடைசிப் பத்தியில அண்ணாச்சி ஒரு யோசனை சொல்லியிருந்தார். ராஜபாளையம் பக்கம் நூல் மில்லுல நைட் ஷிப்ட் பாக்கறவங்க கையிலயும் இதைக் கட்டிவிட்டா, யாரு ஒழுங்காத் தூங்கிட்டு வந்திருக்காங்கன்னு மேனேஜ்மெண்டுக்குத் தெரிஞ்சிடுமாம், விபத்து குறையுமாம். கீழ பின்னூட்டம் பூரா "அருமை", "சூப்பர் ஐடியா", "இதை உடனே செய்யணும்".

அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. இது எதிர்ப்பதிவு.

இதைப் பேச உனக்கு என்ன யோக்கியதைன்னு யாராச்சும் கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. 22 வருசமா ஒரு நூல் மில்லுல எலக்ட்ரிகல் மெயிண்டனன்ஸ். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல. வைத்தியநாத சுவாமியே குடியிருக்கிற ஏரியா, ஆனா மில் வேன் வந்து நிக்கற முக்குல காலையில எறங்கற முகங்களைப் பார்த்தா அவரும் கொஞ்சம் திணறத்தான் செய்வார்னு தோணும். எங்க மதினி (அண்ணன் சம்சாரம்) கோன் வைண்டிங்ல வேலை. மாசத்துல ஒரு பங்கு பகல், ஒரு பங்கு அரை நைட், ஒரு பங்கு முழு நைட். முழு நைட்டுன்னா ராத்திரி 12 மணிலேருந்து காலை 8 வரைக்கும். பெண்களுக்கு ராத்திரி வேலை கூடாதுன்னு தொழிற்சாலைச் சட்டத்துல இருந்த தடையை 2000-ல சென்னை உயர்நீதிமன்றம் எடுத்துடுச்சு, அது சரியா தப்பான்னு இன்னொரு நாள் சண்டை போடலாம். இப்போ தூக்கம்.

முதல்ல அந்த வாட்ச் எதை அளக்குதுன்னு பார்ப்போம். அதைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் பச்சை லைட்டு எரியும். தோலுக்கடியில ரத்தம் ஏறி எறங்கறதுல அந்த வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்து நாடித்துடிப்பைக் கணக்கு பண்ணுது. உள்ள இன்னொரு குட்டி சில்லு இருக்கு, கை அசையுதா இல்லையான்னு பார்க்கும். அவ்வளவுதான். நாடியும் அசைவும். இந்த ரெண்டையும் வச்சு, "இந்த நேரத்துல இந்த ஆளு மூளை இந்த நிலையில இருந்திருக்கும் போல"ன்னு ஒரு குத்துமதிப்புப் போடுது. மூளையில ஓடற மின்சாரத்துல ஒரு துளியைக் கூட அது தொட்டுப் பார்க்கலை.

தூங்கறவனை எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாதுன்னு பாட்டி சொல்லுவா. இந்த வாட்ச்சுக்கு அந்த ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்கறதே பெரும்பாடு. கடன்காரன் ஞாபகம் வந்து, அசையாம மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருங்க, "லேசான தூக்கம்"னு எழுதிக்கும். தூங்கறதைத் தூக்கம்னு சொல்றதுல இந்தக் கருவிங்க பரவாயில்ல, முழிச்சிருக்கறதை முழிப்புன்னு சொல்றதுலதான் கோட்டை விடும். இதை நான் சொல்லலை, தூக்கத்தை முறையா அளந்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்ப சொல்லிட்டு வர்ற விசயம்.

சரி, முறையா அளக்கறதுன்னா எப்படி?

எங்க அண்ணனுக்குக் குறட்டை. குறட்டைன்னா சாதாரணக் குறட்டை இல்ல, நடுவுல மூச்சு நின்னு, வீட்டுல இருக்கறவங்களுக்கு மூச்சு நின்னு, அப்புறம் அவருக்கு மூச்சு வரும். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ராத்திரி தங்க வச்சு டெஸ்ட் எடுத்தாங்க, நான்தான் துணைக்குப் போனேன். தலையில அங்கங்க பேஸ்ட்டு வச்சு எலக்ட்ரோடு, கண்ணோரம் ரெண்டு, நாடியில, நெஞ்சுல, கால்ல, மூக்குல ஒரு குழாய், விரல்ல ஒரு கிளிப்பு. மெயின் பேனல் பாக்ஸைத் தொறந்து வச்ச மாதிரி இருந்தார் மனுசன். "இதைக் கட்டிக்கிட்டு எவன்டா தூங்குவான்"னு கேட்டுட்டு பத்தாவது நிமிசம் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார், அது வேற விசயம்.

டெக்னீஷியன் தம்பி நல்ல மாதிரி. திரையைக் காட்டினான். அங்கதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. மூளையோட மின்சாரம் தலைத்தோலுக்கு வந்து சேரும்போது ஒரு வோல்ட்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு கணக்குல இருக்கும், மைக்ரோவோல்ட். தூக்கத்துல ஒரு அலை 50 மைக்ரோவோல்ட்டுன்னு வச்சுக்குங்க. அந்த ரூம் சுவத்துக்குள்ள ஓடற வயர்ல 230 வோல்ட். வகுத்துப் பாருங்க, 46 லட்சம் மடங்கு. பக்கத்து வீட்டுல கல்யாண ரேடியோ அலறும்போது எறும்பு நடக்கற சத்தத்தைக் கேக்கற வேலை இது. நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டி எடுத்துட்டு, கண்ணு உருளறது, தாடை இறுகறது, வேர்வைன்னு எல்லாத்தையும் கழிச்சுட்டு, மிச்சம் இருக்கறதுலதான் தூக்கம் இருக்கு. 22 வருசம் மோட்டாரோடயும் பேனலோடயும் மல்லுக்கட்டுன எனக்கு அந்த ராத்திரி ஒரு கும்பிடு போடத் தோணுச்சு.

இந்த வேலை 1924-ல ஜெர்மனியில ஆரம்பிச்சது. யேனா ஊர்ல ஹான்ஸ் பெர்கர்னு ஒரு மனநல மருத்துவர் மனுச மூளையோட மின்சாரத்தை முதல்ல பதிவு பண்ணார், 1929-லதான் வெளியில சொன்னார். அப்புறம் அமெரிக்காவுல ஆல்பிரட் லூமிஸ். இவர் கதை பதிவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தொழில் பங்கு மார்க்கெட், பொழுதுபோக்கு விஞ்ஞானம். நாம பொழுதுபோக்குக்கு பிளாக் எழுதற மாதிரி அவர் சொந்தக் காசுல லேப் கட்டி, ஆளுங்களைத் தூங்க வச்சு அலையைப் பதிவு பண்ணார். தூக்கம்கறது ஒரே சரக்கு இல்ல, படிப்படியா எறங்கி ஏறற விசயம்னு 1930-களிலயே அவரோட குழு வகை பிரிச்சுக் காட்டிடுச்சு. 1953-ல சிகாகோவுல அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் தூக்கத்துல கண்ணு வேகமா உருளற நேரத்தைக் கண்டுபிடிச்சாங்க, கனவு அதிகம் வர்ற நேரம் அதுதான்.

லூமிஸ் பார்த்ததுல ஒண்ணுக்கு அவங்க வச்ச பேரைக் கேட்டா எங்க மில்லு ஆளுங்க சிரிப்பாங்க. ஸ்பிண்டில்! ஆமா, நூல் சுத்தற அதே ஸ்பிண்டில், கதிர். தூக்கம் ரெண்டாம் படிக்கு எறங்கினதும் மூளையில நொடிக்கு 11-லேருந்து 16 தடவை துடிக்கிற ஒரு அலைக்கொத்து வரும். அரை நொடியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். சின்னதா ஆரம்பிச்சு, நடுவுல பருத்து, மறுபடி சின்னதாகி முடியும். நூல் சுத்துன கதிர் மாதிரியே இருக்கும், அதான் அந்தப் பேரு. ஒரு மில்லு எவ்வளவு பெரிசுன்னு இங்க யாரைக் கேட்டாலும் ஸ்பிண்டில் கணக்குலதான் சொல்லுவாங்க. ராத்திரி பூரா ஆயிரக்கணக்கான ஸ்பிண்டிலைப் பார்த்துக்கிட்டு நிக்கற பொண்ணுக்கு, மண்டைக்குள்ள சுத்த வேண்டிய ஸ்பிண்டில் பகல்ல எத்தனை சுத்துச்சுன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் கிடையாது.

அலையைப் பதிவு பண்ணியாச்சு. அதைப் படிக்கிறது எப்படி? அந்தக் காலத்துல பேனா முள்ளு காகிதத்துல கோடு போடும். காகிதம் நொடிக்கு 1 சென்டிமீட்டர் நகரும், ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர். அதனால ஒரு பக்கம்னா 30 நொடி. 8 மணி நேரத் தூக்கத்துக்கு 960 பக்கம், நீட்டி விரிச்சா 288 மீட்டர். அதை ஒரு ஆளு உட்கார்ந்து பக்கம் பக்கமாப் புரட்டி, இது முழிப்பு, இது ஒண்ணாம் படி, இது ரெண்டு, இது ஆழம், இது கனவுன்னு எழுதணும். 1968-ல ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் இதுக்கு ஒரு விதிப்புத்தகம் போட்டாங்க. 2007-ல அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி அதை மாத்தி எழுதுச்சு. காகிதம் போய் கம்ப்யூட்டர் வந்தும் அந்த 30 நொடி மட்டும் போகலை. இன்னிக்கும் உலகம் பூரா தூக்கத்தை 30 நொடித் துண்டாத்தான் வெட்டறாங்க. மூளைக்கு 30 நொடிக்கு ஒருக்கா மணி அடிக்கிறதா என்ன? அந்தக் காலக் காகிதத்தோட அகலம் அது, அவ்வளவுதான்!

ஆழ்ந்த தூக்கம்னா என்னன்னு விதியைக் கேளுங்க: நொடிக்கு அரைத் தடவைலேருந்து 2 தடவை வரைக்கும் எழும்பற மெதுவான அலை, உயரம் 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல, அந்த 30 நொடியில ஐஞ்சுல ஒரு பங்காவது இருக்கணும். வயசாக ஆக அலையோட உயரம் கொறையும். 74 வந்தா கணக்குல வராது. அதனால வயசானவங்களுக்கு ஏட்டுல ஆழ்ந்த தூக்கம் வத்திப் போற மாதிரி தெரியறதுல ஒரு பங்கு அந்த 75-ங்கற கோட்டோட வேலை. கோடு கிழிச்சது மனுசன்.

இப்பத்தான் கம்ப்யூட்டர் உள்ள வருது. அந்த 30 நொடி அலையை ஃபூரியேங்கறவர் கணக்கால பிரிச்சுப் போட்டா, மெதுவான அலை எவ்வளவு, வேகமான அலை எவ்வளவு, கதிர் இருக்கான்னு தனித்தனியாத் தெரியும். பால்ல தண்ணி எவ்வளவுன்னு பிரிக்கிற மாதிரி. இப்போ அந்தப் பிரிப்பைக் கூட யாரும் கையால சொல்லிக் குடுக்கறதில்ல. ஆயிரக்கணக்கான ராத்திரிகளைப் போட்டு, ஒவ்வொரு 30 நொடிக்கும் ஒரு மனுசன் எழுதின விடையையும் போட்டு, "நீயே கத்துக்கோ"ன்னு விட்டுடறாங்க. 2017-ல வந்த டீப்ஸ்லீப்நெட், 2021-ல வந்த யூ-ஸ்லீப் எல்லாம் இந்த வகை. யூ-ஸ்லீப்புக்கு 15,000-க்கும் மேற்பட்ட ஆளுங்களோட பதிவு போட்டாங்க. நல்லாவும் வேலை செய்யுது, அதை நான் மறுக்கலை.

ஆனா விடை எழுதின மனுசன் யாரு? இங்கதான் விசயம் இருக்கு, தயவுசெய்து ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. பயிற்சி எடுத்த ரெண்டு பேருகிட்ட ஒரே ராத்திரியைக் குடுத்தா ரெண்டு பேரும் ஒரே விடை எழுத மாட்டாங்க. அந்த அமெரிக்க அகாதமி 2,500-க்கும் மேற்பட்டவங்களை ஒரே பதிவுகளைப் படிக்க வச்சது, அந்தக் கணக்கு 2013-ல வெளிவந்துச்சு. ஒத்துப்போனது சராசரியா 82.6 சதவீதம். தூக்கத்தோட வாசப்படியான முதல் படியில 63 சதவீதம்தான். அண்ணாச்சி பெருமையா 1 மணி 12 நிமிசம்னு சொன்னாரே அந்த ஆழ்ந்த தூக்கம், அதுல 67. மூளை அலையைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு, இதே தொழிலா இருக்கிறவங்களுக்கே மூணுல ஒரு தடவை கருத்து வேறுபாடு! நாடியை மட்டும் பார்த்துட்டு அந்த வாட்ச்சு நிமிசக் கணக்குல சொல்லுதுன்னா, அந்த தைரியத்தைத்தான் பாராட்டணும்.

படிச்சது யாரோட ராத்திரிங்கறது அடுத்த கேள்வி. இந்தத் துறையில கல்லூரிப் பசங்க முதல்ல கையில எடுக்கிறது ஸ்லீப்-ஈடிஎஃப்ங்கற தரவுத்தொகுப்பு. இலவசமா இணையத்துல கிடைக்குது, புண்ணியவானுங்க, நல்லா இருக்கட்டும். அதோட முக்கியமான பங்கு 78 பேரோட 153 பதிவு. 1987-லேருந்து 1991 வரைக்கும், வாக்மேன் மாதிரி ஒரு கேசட் ரெக்கார்டரை இடுப்புல கட்டி, வீட்டுலயே எடுத்தது. யாரு அந்த 78 பேரு? தூக்கத்துக்கு மருந்து எதுவும் சாப்பிடாத, ஆரோக்கியமான வெள்ளைக்காரங்க, வயசு 25-லேருந்து 101 வரைக்கும். அதை அவங்களே ஒளிக்காம எழுதி வச்சிருக்காங்க. எங்க பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் கடைசி வருசப் ப்ராஜெக்டுக்கு அதை வச்சுத்தான் புரோகிராம் எழுதினான். 84 சதவீதம் சரியா வருது மாமான்னு வந்து காட்டினான். சந்தோசமாத்தான் இருந்துச்சு. "இதை உங்க அம்மா முழு நைட் முடிச்சு வந்து பகல்ல படுக்கும்போது போட்டுப் பார்த்தியாடா?"ன்னு கேட்டேன். முழிச்சான். அவனைத் திட்டலை, அவனுக்கு வேற எந்தத் தரவைக் குடுத்தோம் நாம?

முழு நைட் வாரத்துல மதினியோட பகலைச் சொல்றேன். எட்டே முக்காலுக்கு வேன்ல எறங்கி, குளிச்சு, பிள்ளைங்க போட்டுட்டுப் போன பாத்திரத்தைக் கழுவி, படுக்கும்போது பத்தரை. பதினொண்ணேகாலுக்குக் கேஸ்காரர். பன்னெண்டு மணிக்கு ஏதாவது ஒரு விசேசத்துக்கு மைக் செட்டு. சித்திரை மாச வெயில்ல தகரக் கூரை வேற. ரெண்டு மணிக்கெல்லாம் தூக்கம் தானாக் கலைஞ்சிடும், உடம்புக் கடிகாரம் "பகலாச்சு எந்திரி"ன்னு உலுக்கும். நாலு மணிக்குப் பிள்ளைங்க. சாயந்திரம் சமையல் முடிச்சுட்டு எட்டரைக்குச் சுவத்துல சாஞ்சு ஒரு அரை மணி. இதுதான் ஒரு நாள் தூக்கம். அண்ணன் பையன் ஆசையா வாங்கின பேண்டை ஒரு வாரம் மதினி கட்டிப் பார்த்தாங்க. பகல்ல தூங்கின மூணு மணி நேரத்தைக் குட்டித் தூக்கம்னு ஓரத்துல ஒதுக்கிட்டு, "நேற்று இரவு நீங்கள் போதுமான அளவு தூங்கவில்லை, சீக்கிரம் படுக்கச் செல்லுங்கள்"னு அறிவுரை சொல்லுச்சு. மதினி ஒண்ணும் பேசலை. பேண்டைக் கழட்டி ஃபிரிட்ஜ் மேல வச்சுட்டாங்க. இன்னும் அங்கதான் கிடக்கு.

இதையெல்லாம் அளக்கவே முடியாதுன்னு யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். 1989-லயே சுவீடன்ல செஞ்சு காட்டிட்டாங்க. அதுவும் மில்லுலதான்! காகித மில்லுல மூணு ஷிப்ட் பாக்கற 25 ஆம்பளைங்க. தூக்க ஆராய்ச்சியாளர் டோர்பியான் ஓகர்ஸ்டெட்டோட குழு அவங்க தலையில எலக்ட்ரோடு ஒட்டி, கையடக்க ரெக்கார்டரைக் கட்டி, வேலையிலயும் வீட்டுலயும் 24 மணி நேரம் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல அலையைப் பிரிச்சுப் பார்த்துச்சு. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கற தூக்கம், அரை நைட் முடிச்சுத் தூங்கறதை விட 2 மணி நேரம் கம்மி. ஐஞ்சுல ஒருத்தர் ராத்திரி வேலை நேரத்துலயே தூங்கியிருக்காங்க, மூளை அலை அதைக் காட்டிக் குடுத்துச்சு. அவங்க விருப்பப்பட்டுத் தூங்கலை, சோம்பேறியும் இல்ல. மூளை தானா ஸ்விட்சை ஆஃப் பண்ணிக்கிச்சு. ஓவர்லோடு ஆனா ரிலே டிரிப் ஆகுமே, அது மாதிரி. ரிலேவுக்கு நாம மெமோ குடுக்கறோமா?

பகல் தூக்கத்துல இன்னொரு சூட்சுமம். களைச்சு விழற மூளை முதல்ல ஆழ்ந்த தூக்கத்தை வாங்கிக்கும். அது பெரும்பாலும் குறையாது. வெட்டுப்படறது அதுக்கப்புறம் வர வேண்டிய ரெண்டாம் படியும் கனவுத் தூக்கமும். ஆக "ஆழ்ந்த தூக்கம்" நிமிசத்தை மட்டும் வச்சு மார்க் போட்டா, மூணு மணி நேரம் தூங்கின பொண்ணு கூடப் பாஸாயிடுவா. மேனேஜர் மேசையில பச்சைக் கலர் காட்டும். அந்தப் பச்சையை நம்பி டபுள் ஷிப்ட் போடச் சொன்னா? இல்ல, அடுத்த வாரம் சிவப்புக் காட்டுச்சுன்னு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சா? அண்ணாச்சியோட "சூப்பர் ஐடியா" போய் நிக்கற இடம் இதுதான்.

மிகைப்படுத்தறேன்னு நினைக்கிறவங்க 2008-ஐ ஞாபகப்படுத்திக்குங்க. தலையில எலக்ட்ரோடு மாட்டி, மூளை அலையைக் கம்ப்யூட்டர்ல போட்டு, "இந்த ஆளுக்குக் குற்றத்தைச் செஞ்ச அனுபவ நினைவு இருக்கு"ன்னு சொல்ற ஒரு சோதனை பெங்களூருல உருவாச்சு. 2008 ஜூன்ல புணே நீதிமன்றம் ஒரு விஷக் கொலை வழக்குல அந்தச் சோதனை முடிவையும் ஏத்துக்கிட்டு ஒரு இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அதே வருசம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில இருந்த நிபுணர் குழு, இது அறிவியல் முறைப்படி நிரூபணமாகலை, பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2010 மே மாசம் உச்ச நீதிமன்றம் செல்வி வழக்குல, ஒருத்தரோட சம்மதம் இல்லாம உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்து சோதனை, மூளை அலைச் சோதனை எதையும் செய்யக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அது வேற சோதனை, தூக்கம் வேறன்னு எனக்கும் தெரியும். ஆனா நோய் ஒண்ணுதான்: கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டு ஒரு பேரு வச்சுட்டா, அதுக்கு முன்னாடி மனுசன் வாய்ச்சொல் எடுபடாது.

கொலைக் குற்றவாளிக்குச் சம்மதம் கேட்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. மில்லுல வேலை பாக்கற மதினிக்கு? 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிச்சுப் பாருங்க. 7-ஆவது பிரிவுல, வேலை சம்பந்தமான காரியத்துக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராம பாதுகாத்துக்கறதுக்கும், தொழிலாளியோட தரவைத் தனியா சம்மதம் வாங்காமலே பயன்படுத்த வழி வச்சிருக்காங்க. தூக்கக் கலக்கத்துல மெஷின் கெட்டாலும் நஷ்டம்தானே? வக்கீலுக்குப் படிச்சவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.

"அப்போ நீ தொழில்நுட்பமே வேண்டாங்கறியா, பழைய பஞ்சாங்கமே"ன்னு ரெண்டு பேர் எழுதப் போறாங்க, தெரியும். வேண்டாங்கலை சாமிகளா. கூடுதலா வேணுங்கறேன்! எங்க அண்ணனோட 960 துண்டையும் ஒரு ஆளு கண்ணால படிக்க மணிக்கணக்காகும். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் நிமிசத்துல முடிச்சு, சந்தேகமான இடத்தை மட்டும் டெக்னீஷியன்கிட்ட காட்டினா, மதுரைக்குப் போகாம ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலயே இந்த டெஸ்டைப் பண்ணலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல விபாசனா தியானம் செய்யறவங்களோட தூக்கத்தை மூளை அலை வச்சு ஆராய்ச்சி பண்ணி, 2006-ல வெளியிட்டாங்க. வயசானா குறையற ஆழ்ந்த தூக்கம் தியானம் பண்றவங்களுக்கு அவ்வளவாக் குறையலைன்னு சொன்னாங்க. நல்ல வேலை. திறமை இருக்கு, கருவி இருக்கு, கணக்கு தெரிஞ்ச பசங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. தியானம் பண்றவங்க மண்டையில ஒட்டின எலக்ட்ரோடை, டாஃபிங் பண்ற பொண்ணு மண்டையிலயும் ஒட்டுங்கன்னுதான் கேக்கறேன். அவளோட பகல்ல, அவளோட தகரக் கூரைக்குக் கீழ, மைக் செட்டுச் சத்தத்தோட. அந்தப் பதிவைப் படிச்சு விடை எழுத இங்கயே ஆள் பழக்குங்க. பேரை அழிச்சுட்டு இணையத்துல இலவசமாப் போடுங்க, அடுத்த வருசம் ப்ராஜெக்ட் பண்ற பையன் அதை எடுக்கட்டும். முடிவு மேனேஜர் மேசைக்குப் போகக் கூடாது. தொழிலாளிக்கும் அவங்க டாக்டருக்கும் மட்டும் போகட்டும். மில்லுக்குப் போக வேண்டியது ஒரே ஒரு கணக்கு: இந்த ஷிப்ட் சுழற்சியில ஆளுங்களுக்குச் சராசரியா எத்தனை மணி நேரம் தூக்கம் கிடைக்குது. மார்க் போடணும்னா ஷிப்டுக்குப் போடுங்க, ஆளுக்குப் போடாதீங்க.

அந்த வாட்ச் விசயத்துல அமெரிக்க அகாதமியே 2018-ல, இந்தக் கடைக் கருவிங்களை நோய் கண்டுபிடிக்கவோ மருத்துவம் பார்க்கவோ முறையான சோதனைக்குப் பதிலா வைக்கக் கூடாதுன்னு அறிக்கை விட்டுச்சு. அதுக்கு முந்தின வருசம், வாட்ச் மார்க்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டு டாக்டர்கிட்ட வந்தவங்களுக்கு ஆர்த்தோசோம்னியான்னு ஒரு பேரே வச்சாங்க. 87 வாங்கின அண்ணாச்சி, அடுத்த வாரம் 61 வந்தா என்ன பண்ணப் போறீங்க?

எங்க ஊருக்குத் தூக்கம் ஒண்ணும் புதுசு இல்ல. பெரிய கோயில்ல வடபத்ரசாயி படுத்துக்கிட்டேதான் சேவை சாதிக்கிறார். ஆண்டாள் திருப்பாவையில 6-லேருந்து 15 வரைக்கும் பத்துப் பாட்டு, தூங்கற தோழிகளை எழுப்பறதுக்கே போயிடுது. வீட்டுக்கு வீடு வாசல்ல நின்னு, ஒருத்தியைக் கொஞ்சி, ஒருத்தியைக் கிண்டல் பண்ணி, ஒருத்திகிட்டச் சண்டை போட்டு, ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு விதமா எழுப்பறா. யாருக்கும் மார்க் போடலை.

பி.கு. 1: ராத்திரி பால்கோவா சாப்பிட்டா நல்லாத் தூக்கம் வருமான்னு இன்னும் ஒருத்தர் மெயில் அனுப்பினா, அவருக்குப் பார்சல் கிடையாது.

பி.கு. 2: எதிர்ப்பதிவுக்கு எதிர்ப்பதிவு வந்தா சந்தோசம். ஆனா இந்த வாரம் எனக்கு முழு நைட். பின்னூட்டத்தை வெளியிடவும் பதில் எழுதவும் சாயந்திரம் ஆகும். பகல் பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் தயவுசெய்து போன் அடிக்காதீங்க.